காலி இருக்கைகளைச் சுமக்கும் மலை

ஏற்காட்டுக்கு ‘ஏழைகளின் ஊட்டி’ என்றொரு பெயர் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. பெரும் பொருட்செலவின்றி, சேலத்தில் ஒரு பேருந்தைப் பிடித்தால் போதும், வெயில் தகிக்கும் சமவெளியிலிருந்து குளிர்காற்றுக்குள் சென்று சேர்ந்துவிடலாம் என்னும் எளிமை அப்பெயருக்குள் இருக்கிறது. ஆனால் மே மாதத்துக் கோடை விழா நாள்களில் அடிவாரத்தில் சற்று நேரம் நின்று பார்ப்பவர்க்கு அப்பெயர் பழங்கதையாகவே தோன்றும். ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுள் எத்தனை கார்களில் இருவர் மட்டுமே அமர்ந்திருக்கின்றனர் என்று எண்ணிப் பார்ப்பது நல்லதொரு பயிற்சி. நாம் சொல்ல வருவது அந்தக் காலி இருக்கைகளைப் பற்றித்தான்.

எரிபொருள் சிக்கனம் குறித்து நமக்குக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் சமவெளிக்காக எழுதப்பட்டவை. 1978 முதல் இயங்கிவரும் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டுமாறு நமக்குச் சொல்லி வந்திருக்கிறது. நல்ல அறிவுரைதான். நெடுஞ்சாலையில் விரைந்தோடும் காருக்கு முதற்பகை காற்றின் எதிர்ப்பு. வேகம் குறைந்தால் அந்தப் பகையும் குறையும். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சேலம் - ஏற்காடு மலைப்பாதையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தை யார் எட்டப் போகிறார்கள்? அங்கே காற்று பொருட்டே அன்று. எடை ஒன்றே பொருட்டு. மலைப்பாதையில் எரிபொருட் சிக்கனம் என்பது எடையைப் பற்றிய அறம் என்பதே நம் துணிபு.

இதனைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். பள்ளிக்கூடத்து இயற்பியல் போதும்.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். இடைப்பட்ட உயரம் தோராயமாக 1200 மீட்டர். ஓராயிரம் கிலோ எடையுள்ள சிறிய பெட்ரோல் காரில், ஆளுக்கு 60 கிலோ வீதம், இருவர் செல்வதாகக் கொள்வோம். மொத்தம் 1120 கிலோ. இதனை 1200 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 13 மெகா ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகா ஜூல் அடங்கியிருக்கிறது. ஆனால் என்ஜின் அதில் நான்கில் ஒரு பங்கையே சக்கரத்துக்குத் தருகிறது. எஞ்சியது வெப்பமாகவும் புகையாகவும் வீணாகிறது. ஆகவே, தூக்கி நிறுத்துவதற்கு மட்டுமே ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் செலவாகும். டயர் உருள்வதற்கும், வளைவுதோறும் நின்று புறப்படுவதற்கும் ஆகும் செலவு இதில் சேரவில்லை. அதே காரில் ஐவர் அமர்ந்தால் மொத்தச் செலவு இரண்டு லிட்டரைக்கூடத் தொடாது. ஆள் ஒருவருக்கு நானூறு மில்லிக்கும் குறைவு. இருவராகச் சென்றபோதோ ஆளுக்கு எண்ணூறு மில்லிக்கு மேல். வண்டியும் அதே, பாதையும் அதே, ஓட்டுநரும் அவரே. காலி இருக்கைகள் மட்டுமே வேறுபாடு.

இப்போது 1800 கிலோ எடையுள்ள, அண்மைக் காலத்தில் பெருமைக்குரியதாகிவிட்ட, உயரமான டீசல் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதிலும் இருவரே செல்கின்றனர். டீசல் என்ஜின் சற்றுத் திறன் மிக்கது. மூன்றில் ஒரு பங்கைப் பயனாக்கும். அப்படியிருந்தும் ஆள் ஒருவரை மலையேற்ற ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் வேண்டியிருக்கிறது. பத்து டன் எடையுள்ள பேருந்தில் ஐம்பது பேர் அமர்ந்து சென்றாலோ, ஆளுக்குக் கால் லிட்டரே ஆகிறது. ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபாடு! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயுவும், ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோவும் வெளிப்படுகின்றன என்பதைச் சேர்த்துக்கொண்டால், சேர்வராயன் மலையின் காற்றில் யார் எவ்வளவு கலந்துவிட்டு வருகிறார்கள் என்பது விளங்கும்.

இக்கணக்கில் நாம் எதிர்பாராத ஒன்றும் தெரிய வருகிறது. ஐவர் நிறைந்த சிறிய கார், ஆள்வீத எடையில், நிறைந்த பேருந்துக்கு நிகராகவே நிற்கிறது. இரண்டிலும் ஆளுக்கு 260 கிலோதான். எரிபொருளில் பேருந்து முந்துவது டீசல் என்ஜினின் திறனால். ஆகவே ‘கார் தீயது, பேருந்து நல்லது’ என்று முழக்கமிடுவது எளிதே தவிர உண்மையன்று. காலியாக ஏறும் பேருந்தும் குற்றவாளியே. வண்டியின் வகையைக் காட்டிலும் அதன் நிறைவே முதன்மையானது.

*

நிறைந்த வண்டியோடு புறப்பட்டாயிற்று. இனி ஓட்டும் முறை.

மலைப்பாதையில் மேலேறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது நம் நாட்டின் சாலை விதி. ஓட்டுநர் உரிமம் பெறும்போது படித்ததோடு பலரும் மறந்துவிடுகிறார்கள். இவ்விதி வெறும் மரியாதைக்காக ஏற்பட்டதன்று. சரிவில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் கிளப்புவதற்கு ஆகும் எரிபொருள் மிகுதி. கிளட்ச் தேய்வதும் மிகுதி. பின்னோக்கி உருளும் ஆபத்து வேறு. கீழிறங்குபவர் வளைவின் விளிம்பில் சில நொடிகள் காத்திருந்தால், மேலேறுபவரின் பெட்ரோல் மிச்சமாகிறது. தன் பணப்பையைக் காப்பது மட்டுமே சிக்கனம் என்று எண்ணுவோர்க்கு இது விளங்காது. பிறருடைய எரிபொருளையும் நாம் சேமிக்க முடியும். காற்றைப் பொறுத்தவரை இருவர் எரிபொருளும் ஒன்றே.

ஏறும்போது இன்னொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. ஏற்காட்டின் உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜினின் வலிமையும் ஏறத்தாழ அதே அளவில் குறையும். ‘வண்டி இழுக்கவில்லையே’ என்று ஆக்சிலரேட்டரை மேலும் மேலும் மிதிப்பதில் பயனில்லை. கியரைக் குறைத்து, என்ஜின் திணறாத வேகத்தில், முன்செல்லும் வண்டியை முந்தும் வேட்கையைக் கைவிட்டுச் சீராக ஏறுவதே வழி. இரண்டு வளைவுகளுக்கு நடுவே சீறிப் பாய்ந்து, அடுத்த வளைவில் பிரேக் பிடிப்பவர், தாம் வாங்கிய வேகத்தையெல்லாம் வெப்பமாக்கிக் காற்றில் விடுகிறார். மேலே சென்று சேரும்போது அவர் நம்மைவிட இரண்டு நிமிடங்கள் முன்னால் இருக்கக்கூடும். வாகன நிறுத்தத்தில் இடம் தேடி அலையும்போது நாம் அவரைச் சந்தித்துவிடுவோம்.

புறப்படுமுன் டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பது, வண்டியின் பின்புறத்தில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும் தேவையற்ற பொருள்களை வீட்டில் இறக்கிவைப்பது, பாதி மலை ஏறியதும் ஏ.சி.யை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்குவது முதலியவற்றை அனைவரும் அறிவர். குளிர்காற்றைத் தேடி மலையேறுகிறவர்கள் கண்ணாடியை அடைத்துக்கொண்டு செயற்கைக் குளிரில் செல்வதன் பொருள் மட்டும் நமக்கு இன்றளவும் பிடிபடவில்லை.

*

இறங்கும்போதுதான் சிக்கனத்தின் பெயரால் உயிருக்கே உலை வைக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. வண்டியை நியூட்ரலில் போட்டு உருளவிடுவது. சிலர் என்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். ‘இறக்கந்தானே, பெட்ரோல் எதற்கு?’ என்பது அவர்கள் வாதம்.

கார்புரேட்டர் இருந்த காலத்தில் இவ்வாதத்தில் சிறிதளவு உண்மை இருந்தது. இன்றைய வண்டிகளில் அதுவும் இல்லை. இப்போதுள்ள என்ஜின்களில் எரிபொருளைத் தெளிப்பது மின்னணுக் கட்டுப்பாடு. வண்டி கியரில் இருக்க, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முற்றாக எடுத்துவிட்டால், அக்கட்டுப்பாடு எரிபொருளை அடியோடு நிறுத்திவிடுகிறது. உருளும் சக்கரங்களே என்ஜினைச் சுழற்றுகின்றன. ஒரு துளியும் செலவாவதில்லை. நியூட்ரலுக்கு மாற்றியதும் சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. அணைந்துவிடாமல் இருப்பதற்காகவே என்ஜின் எரிபொருளைக் குடிக்கத் தொடங்குகிறது. ஆக, மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலுக்கு மாற்றுபவர், கியரில் இறங்குபவரைவிட மிகுதியாகச் செலவழிக்கிறார்.

எரிபொருளைவிடப் பெரியது பிரேக். மேலேற்றியபோது நாம் வண்டிக்குள் சேமித்துவைத்த அந்த 13 மெகா ஜூல் ஆற்றல் இறங்கும்போது எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். அது அத்தனையும் பிரேக் தகடுகளில் இறங்கினால் என்ன ஆகும்? நாற்பத்தைந்து லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. தகடுகள் பழுக்கக் காய்கின்றன, பிடிமானம் குறைகிறது, சூடு எல்லை மீறினால் பிரேக் எண்ணெயே கொதித்து ஆவியாகி, மிதி கால் அடியில் மெத்தையாக அமிழ்ந்துவிடும். என்ஜினை அணைத்தவர்க்குப் பிரேக்கின் துணைவிசையும் ஸ்டீயரிங்கின் துணைவிசையும் கைவிட்டுப் போகின்றன. சாவியை முழுதும் திருப்பிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். அடுத்து இருப்பது கொண்டை ஊசி வளைவு.

ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்லும் பழைய விதியில் இந்த இயற்பியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. என்ஜின் வண்டியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிரேக் அவசரத்துக்கு ஓய்வோடு காத்திருக்கும். பிரேக் கட்டைகள் குறைவாகத் தேய்வதால் சாலையோரத்துச் செடிகளிலும் ஓடைகளிலும் படியும் நுண்துகளும் குறையும். சிக்கனம், பாதுகாப்பு, சூழல் மூன்றும் ஒரே கியரில் இறங்குகின்றன.

மின்சாரக் கார் இவ்விடத்தில் மெய்யாகவே ஒரு படி மேலானது. ஒன்றரை டன் எடையுள்ள மின்காரில் இருவரைத் தூக்க ஐந்தரை யூனிட் அளவுக்கு மின்சாரம் வேண்டும். இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி அதில் ஏறத்தாழ பாதியை மின்கலத்துக்குத் திருப்பித் தரக்கூடும். பெட்ரோல் கார் எந்நாளும் செய்ய முடியாத காரியம் இது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மலைமேல் மின்கலத்தை முழுதும் நிரப்பிக்கொண்டு இறங்கினால், மீண்டுவரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது. சற்றுக் குறைவாகவே நிரப்பிக்கொண்டு இறங்குவது அறிவு. மின்காருக்குப் புகைக்குழாய் இல்லை என்பதால் புகையே இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது. இதே சேலம் மாவட்டத்தின் மேட்டூரில் நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையம் இருக்கிறது. காலி இருக்கைகளோடு ஏறும் மின்காரும் காலி இருக்கைகளைச் சுமக்கவே மின்சாரம் கேட்கிறது.

*

இதுவரை சொன்னவை தனிமனிதர்க்கு. ஊருக்கும் அரசுக்கும் சொல்ல வேண்டியதும் உண்டு.

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 கோடைப் பருவத்துக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது: உதகைக்கு வார நாள்களில் நாளொன்றுக்கு 6000 வண்டிகள், வார இறுதியில் 8000, கொடைக்கானலுக்கு முறையே 4000, 6000. வணிகர்களும் விடுதி நடத்துவோரும் இதனை எதிர்த்தனர். சுற்றுலாவை நம்பி வாழ்வோரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். மலையில் ஒரு பருவம் பொய்த்தால் அவர்களுக்கு ஓராண்டே பொய்த்ததாகும். ஆயினும் மலை தாங்குவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை நீதிமன்றம் உரக்கச் சொன்னது நல்லதே.

ஏற்காடு அவ்விரு மலைகளையும்விடச் சிறியது. அதன் சாலைகள் குறுகியவை. ஏரியைச் சுற்றிய சில தெருக்களே ஊரின் நடுவிடம். இங்கும் ஒருநாள் வரம்பு வருமாயின், வண்டிகளை எண்ணாமல் மனிதர்களை எண்ணுங்கள் என்று நாம் வேண்டிக்கொள்வோம். வண்டிகளை எண்ணும் முறையில் இருவர் செல்லும் பெரிய வண்டியும், ஐவர் நெருக்கி அமர்ந்த சிறிய காரும் ஒன்றாகவே கருதப்படுகின்றன. இது நீதியாகாது. நுழைவுக் கட்டணம் என ஒன்று விதிக்கப்பட்டால் அது காலி இருக்கைகளின் மேல் விதிக்கப்படட்டும். நிறைந்து வரும் வண்டிக்குக் கட்டணமே வேண்டா. விடுதிக்காரருக்கும் கடைக்காரருக்கும் வேண்டியவர்கள் மனிதர்கள்தாமே? காலி இருக்கை தேநீர் குடிப்பதில்லை, மிளகு வாங்குவதில்லை.

வார இறுதிகளிலும் கோடை விழா நாள்களிலும் அடிவாரத்தில் வண்டிகளை நிறுத்தி, அங்கிருந்து சிற்றுந்துகளில் மேலே செல்லும் ஏற்பாடு வேண்டும். முதியோரையும் கைக்குழந்தைகளையும் அழைத்துவருவோர்க்கும், மேலே தங்குவோர்க்கும் விலக்கு அளிக்கலாம். மலைமேல் சேர்வராயன் கோயில், பகோடா பாயின்ட், லேடீஸ் சீட் ஆகிய இடங்களுக்குச் சுற்றிவரும் சிற்றுந்துகளோ, இருக்கைக்கு இவ்வளவு என்று வாங்கும் ஷேர் வண்டிகளோ இருந்தால், உள்ளூர் ஓட்டுநர்க்குப் பிழைப்பு கிடைக்கும். ஏரிக்கும் அண்ணா பூங்காவுக்கும் இடையே காரில் செல்வோரைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. குளிர்ந்துபோன என்ஜின் ஓடும் முதற்சில நிமிடங்களே மிகுதியாக எரிபொருளைத் தின்னும் நிமிடங்கள் என்பதை மட்டும் தெரிவித்துவிடுகிறோம்.

‘பேருந்து பாதுகாப்பானதா?’ என்று கேட்போர் உண்டு. கேட்க வேண்டிய கேள்வியே. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலம் நோக்கி இறங்கிய தனியார் பேருந்து மலைப்பாதையில் கவிழ்ந்து உயிர்கள் பறிபோயின, பலர் காயமுற்றனர். அத்துயரத்தை மறைத்துவிட்டுப் பேருந்தின் புகழ் பாடுவது நேர்மையாகாது. நிறைந்த வண்டி நல்லது என்றால், அளவுக்கு மீறித் திணித்த வண்டி நல்லது என்று பொருளன்று. இருக்கை அளவே எல்லை. நன்கு பராமரிக்கப்பட்ட பிரேக்கும், ஓய்வெடுத்த ஓட்டுநரும், போதிய எண்ணிக்கையில் பேருந்துகளும் இருந்தால்தான் மக்கள் காரை அடிவாரத்தில் விட்டுவர இசைவார்கள். அந்தப் பொறுப்பு அரசினுடையது.

இப்பேருந்துகளால் முதற்பயன் அடைய வேண்டியவர் சுற்றுலாப் பயணியரல்லர். மலைக்கிராமங்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் ஆண்டின் எல்லா நாள்களிலும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் சென்றுவர வேண்டியவர்கள். கோடை விழாவின்போது நம் கார்கள் அடைத்துக்கொள்ளும் சாலை அவர்களுடைய சாலையும் ஆகும். நாம் நெரிசலில் சிக்கினால் ஒரு மாலைப்பொழுது கெடும். அவர்களுள் ஒருவர் நோயாளியோடு சிக்கினால் கெடுவது வேறு. எரிபொருட் கணக்கில் வராத செலவு இது; நம் கணக்கில் முதலில் எழுத வேண்டிய செலவும் இதுவே.

இந்த மலைக்கு மனிதர்கள் ஏறத் தொடங்கியது நேற்றன்று. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடியும், தம் முதுமையில் ஏற்காட்டில் வாழ்ந்தவருமான இராபர்ட் புரூஸ் ஃபூட், புதிய கற்கால மனிதரின் கற்கருவிகளைச் சேர்வராயன் மலையில் கண்டெடுத்திருக்கிறார். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தபோதும் இம்மலையில் எண்ணெய் எரியவில்லை. ஆயிரமாயிரம் ஆண்டுகள் கால்களால் ஏறிய மலையை எண்ணெய் எரித்து ஏறத் தொடங்கி நூறாண்டு அளவே ஆகிறது. அந்த எண்ணெயிலும் பெரும்பகுதியை நம் நாடு கடல்கடந்து இறக்குமதி செய்கிறது. எங்கோ ஒரு பாலைநிலத்தில் தோண்டி, கப்பலேற்றி, சுத்திகரித்து, சேலம் வரை கொண்டுவந்த பொருளை, யாருமற்ற மூன்று இருக்கைகளை 1200 மீட்டர் தூக்குவதற்கு எரிக்கிறோம்.

முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்த பாரியை நாம் ஈராயிரம் ஆண்டுகளாகப் புகழ்ந்துவருகிறோம். பட்டிமன்றங்களில் அவன் கொடையை வாதிடுகிறோம். பாடநூல்களில் படம் வரைகிறோம். அக்கதையில் யாரும் பேசாத ஒன்று உண்டு. தேரைக் காட்டில் விட்டவன் எப்படித் திரும்பினான்? நடந்துதான் திரும்பியிருப்பான். நம்மிடம் யாரும் காரைக் கொடியின்மேல் சாய்த்துவிட்டு வரச் சொல்லவில்லை. அடிவாரத்தில் நிறுத்திவிட்டு வரலாம். அது இயலாதெனில் அக்கம்பக்கத்தாரையும் நண்பரையும் ஏற்றி இருக்கைகளை நிரப்பிக்கொண்டு வரலாம். அடுத்த முறை ஏற்காட்டுக்குப் புறப்படும் வாசக அன்பர்கள், பெட்ரோல் பங்கில் அளவுமானியைப் பார்க்குமுன் ஒருமுறை பின்னிருக்கையைத் திரும்பிப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.